திருப்பூரில் 300 பீஸ்: ஜிம் உடைக்கு நம்பிக் கொடுக்கலாம், நீச்சலுடைக்கு யோசித்துக் கொடுங்கள்

சொந்தப் பெயரில் ஆக்டிவ்வேர் பிராண்டு தொடங்க நினைப்பவர் எவரும் முதலில் விசாரிப்பது, யாரிடம் தைக்கக் கொடுக்கலாம் என்பதைத்தான். தமிழ்நாட்டில் இருந்தால் பத்தில் ஒன்பது பேர் திருப்பூரைக் கைகாட்டுவார்கள். இங்கே மதிப்பிடுவது ஏதோ ஒரு கம்பெனியை அல்ல. துணி வாங்குவது, வெட்டுவது, தைப்பது, பாலிபேக் போட்டு அனுப்புவது வரை எல்லாவற்றையும் ‘ஃபுல் பேக்கேஜ்’ என்று எடுத்துக்கொண்டு, 300 முதல் 1,000 பீஸ் வரை கேட்கும் புதியவர்களுக்குத் திருப்பூரின் சிறு, நடுத்தர யூனிட்டுகள் தரும் சேவையைத்தான். லெக்கிங்ஸ், ஸ்போர்ட்ஸ் பிரா, டீ-ஷர்ட், ஷார்ட்ஸ், நீச்சலுடை ஆகிய ஐந்து வகைகளுக்கும் சேர்த்துப் பார்த்திருக்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தையலுக்கு ஐந்துக்கு நாலரை. பேக்கிங்கும் டெலிவரியும் நான்கு. துணிக்கு இரண்டரைதான். நீச்சலுடையைத் தனியாகக் கேட்டால் இரண்டு.

துணிக்கு ஏன் இவ்வளவு குறைவு என்பதில்தான் விஷயமே இருக்கிறது. திருப்பூர் பருத்தி பனியனில் வளர்ந்த ஊர். நிட்டிங், சாயப்பட்டறை, துணியைச் சுருக்கிப் பதப்படுத்தும் காம்பாக்டிங் என்று அங்கே சேர்ந்திருக்கும் அறிவில் பெரும்பகுதி பருத்திக்கானது. பருத்திக்கு ரியாக்டிவ் சாயம், 60 டிகிரி வெப்பம் போதும். பாலியஸ்டருக்கு டிஸ்பர்ஸ் சாயம், 130 டிகிரி, அதுவும் அழுத்தக் கலனில். நைலானுக்கு ஆசிட் சாயம், கொதிநிலைக்கு அருகே. மூன்றும் மூன்று தொழில். செயற்கை இழையில் இறங்கியிருக்கும் பட்டறைகள் இப்போது கூடி வருகின்றன என்றாலும், சிறு ஆர்டருக்குத் தைக்கும் யூனிட்டுகள் பெரும்பாலும் சூரத், லூதியானா துணியையோ இறக்குமதித் துணியையோ ரோலாக வாங்கித்தான் வெட்டுகின்றன. பருத்தி டீ-ஷர்ட்டில் சாயம் போனால் எந்த இடத்தில் பிசகியது என்று அந்த ஊரில் டீக்கடையில் நிற்பவர்கூடச் சொல்லிவிடுவார். நைலான் லெக்கிங்ஸ் முட்டியில் தொங்கிப் போனால் காரணம் சொல்ல ஆள் தேட வேண்டும். ஆகவே துணியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய பொறுப்பு ஆர்டர் கொடுப்பவரிடம் வந்து சேர்கிறது.

ஒரு நிறத்துக்கு 300 ஏன்?

புதியவர்கள் அதிகம் சலித்துக்கொள்வது இந்த எண்ணிக்கைக்குத்தான். இதில் யூனிட்காரரின் பிடிவாதம் எதுவும் இல்லை, சாயக் கலனின் கணக்கு அது. 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 250 கிராம்) துணி, 1.5 மீட்டர் அகலம் என்றால் ஒரு மீட்டர் 375 கிராம். பெரியவர்களுக்கான முழு நீள லெக்கிங்ஸ் ஒன்றுக்கு, அளவுகளைக் கலந்து நன்றாக மார்க்கர் (துணியில் பாகங்களை நெருக்கி அடுக்கும் வெட்டு வரைபடம்) போட்டால், ஏறக்குறைய 80 சென்டிமீட்டர், அதாவது 300 கிராம். கிலோவுக்கு மூன்று பீஸ் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 100 கிலோ துணிக்குச் சாயம் போட்டால் சேதாரம் போக 300 பீஸ். அதைவிடச் சிறிய கலன்கள் உண்டு; ஆனால் தண்ணீர், நீராவி, ஆள் கூலி எல்லாம் ஏறக்குறைய அதே அளவில் செலவாவதால் கிலோ ரேட் ஏறிவிடும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நொய்யல் ஆற்றில் சொட்டுக் கழிவும் விடாத சுத்திகரிப்பு இருந்தால்தான் இயங்கலாம் என்று ஆன பிறகு, ஒவ்வொரு லிட்டர் சாயநீருக்கும் ஒரு விலை இருக்கிறது. நியாயமான விலை அது. நொய்யல் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் அதைக் குறைக்கச் சொல்லிக் கேட்கமாட்டார்கள்.

இதை உணர்ந்தால் முதல் ஆர்டரை எப்படி அமைப்பது என்பது தானாகத் தெரியும். மூன்று நிறம், இரண்டு வகைத் துணி என்று போனால் துணியே 600 கிலோ ஆகிவிடும். ஒரே துணி, ஒரு நிறம், அதில் லெக்கிங்ஸும் ஷார்ட்ஸும் பிராவும் என்று போனால் 100 கிலோவுக்குள் மூன்று பொருள் கிடைக்கும். கறுப்பும் நேவியும் பெரும்பாலும் வியாபாரிகளிடம் ரெடி ஸ்டாக் இருக்கும். அதில் 25 கிலோ ரோல் ஒன்றோ இரண்டோ வாங்கி 75 முதல் 150 பீஸ் தைத்துக்கொள்ளலாம். அப்படித் தைக்கச் சம்மதிக்கும் யூனிட்டுகள் உண்டு, பீஸ் கூலி மட்டும் கூடும்.

அதையும் தவிர்க்க விரும்புபவர்கள் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் காதர்பேட்டைக்குப் போகிறார்கள். தயாராக இருக்கும் பீஸை வாங்கி, லேபிளை மாற்றி விற்பது. சந்தை எப்படி என்று பார்க்க 50 பீஸ் அப்படி விற்றுப் பார்க்கலாம். பிராண்டு கட்ட அது உதவாது. இன்று வாங்கிய துணியும் அளவும் அடுத்த மாதம் அதே கடையில் கிடைக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. வாடிக்கையாளர் ‘போன தடவை வாங்கின எல் சைஸே அனுப்புங்க’ என்று கேட்கும்போது கையில் ஒன்றும் இருக்காது.

துணியைக் கையில் எடுத்ததும்

கடையில் ‘லைக்ரா’ என்று சொல்வார்கள். அந்த ஊர்ப் பேச்சில் நீளக்கூடிய எந்தத் துணியும் லைக்ராதான். உண்மையில் லைக்ரா ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர்; இழையின் பொதுப் பெயர் எலாஸ்டேன் அல்லது ஸ்பான்டெக்ஸ். உங்கள் லேபிளில் அனுமதியில்லாமல் லைக்ரா என்று அச்சடிக்கக் கூடாது. அதைவிட முக்கியமாக, மீதி 80 சதவீதம் நைலானா பாலியஸ்டரா என்று கேட்க வேண்டும். விலையில் பெரிய வித்தியாசம். கையால் தொட்டு இரண்டையும் பிரித்தறிவது பழகியவர்களுக்கே தவறும். ஃபார்மிக் அமிலத்தில் நைலான் கரையும், பாலியஸ்டர் கரையாது. ஆய்வகத்தில் அரைமணி நேர வேலை. கோயம்புத்தூரில் இருக்கும் ஜவுளி ஆராய்ச்சி நிலையமான சிட்ராவில் கொடுத்து இழை விகிதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். 100 கிலோ வாங்குவதற்கு முன் இந்தச் செலவைத் தயங்காமல் செய்யுங்கள்.

யோகாவுக்கும் ஜிம்முக்குமான லெக்கிங்ஸ் என்றால் நைலான் 75 முதல் 80, எலாஸ்டேன் 20 முதல் 25 சதவீதம், 230 முதல் 280 ஜிஎஸ்எம், இருபுறமும் ஒரே மாதிரி இருக்கும் இன்டர்லாக் பின்னல். இதில் குளிர்ச்சியும் வழவழப்பும் பிடிப்பும் கிடைக்கும். ஓட்டத்துக்கும் விளையாட்டுக்கும் பாலியஸ்டரே மேல். வியர்வையைக் குறைவாக உறிஞ்சும், சீக்கிரம் காயும், சூட்டில் சாயத்தை இழைக்குள் ஏற்றும் சப்ளிமேஷன் பிரிண்டையும் ஏற்கும். டீ-ஷர்ட்டுக்கு 130 முதல் 160 ஜிஎஸ்எம். சென்னை வெயிலுக்கு 280 ஜிஎஸ்எம் முழு லெக்கிங்ஸ் கனம்தான், ஆனால் மெல்லிசாகப் போனால் குனியும்போது உள்ளே தெரியும். இந்த இரண்டுக்கும் நடுவில் 240ஐ ஒட்டி நிற்பதே நமது ஊருக்குப் பொருந்தும்.

கடையிலேயே செய்யக்கூடிய நான்கு சோதனைகள் ஆய்வகத்துக்கு மாற்று ஆகாது, ஆனால் கழிக்க வேண்டிய துணியைக் கழித்துவிடும். வட்டக் கட்டரால் 100 சதுர சென்டிமீட்டர் வெட்டி எடை போடுங்கள், 2.5 கிராம் என்றால் 250 ஜிஎஸ்எம். சொன்னதற்கும் வந்ததற்கும் 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ரோலைத் திருப்பலாம். அடுத்து, 10 சென்டிமீட்டர் தூரத்தில் இரண்டு கோடு போட்டு 15 சென்டிமீட்டருக்கு இழுத்து ஒரு நிமிடம் பிடித்து விடுங்கள். ஒரு நிமிடம் கழித்து அளந்தால் 10.3க்குள் இருக்க வேண்டும். 10.5 என்றால் அந்த லெக்கிங்ஸ் மாலைக்குள் முட்டியில் பை விழும். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இரண்டு தடவையும் செய்யுங்கள், அகலத்தில் நல்ல துணிகள் நீளத்தில் ஏமாற்றுவது சகஜம். மூன்றாவது, அச்சடித்த காகிதத்தின் மேல் துணியை இழுத்துப் பிடியுங்கள். எழுத்தை வாசிக்க முடிந்தால் உட்கார்ந்து எழும்போது எல்லாம் தெரியும். கடைசியாக, 50 சென்டிமீட்டர் சதுரம் வரைந்து மூன்று முறை துவைத்துக் காயவைத்து அளங்கள். 47.5க்குக் கீழே போனால் அளவு அட்டவணையே பொய்யாகிவிடும்.

பொதுவாக வரும் குறைகள் இரண்டு இடத்தில் பிறக்கின்றன. ஒன்று ஸ்டென்டர் என்ற சூட்டு மெஷினில். எலாஸ்டேன் கலந்த நைலான் துணியை 190 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் சில பத்து விநாடிகள் விரித்துப் பிடித்துப் பதப்படுத்துவார்கள். வெப்பம் போதவில்லை என்றால் வெட்டியதும் ஓரம் சுருண்டு கொள்ளும், துவைத்தால் சுருங்கும். கூடிப்போனால் எலாஸ்டேன் செத்துவிடும், வெள்ளைத் துணி மஞ்சளாகும். இன்னொன்று பாலியஸ்டர்-எலாஸ்டேன் அடர் நிறங்களில் சாயம் போவது. டிஸ்பர்ஸ் சாயம் சூட்டில் எலாஸ்டேனுக்குள்ளும் புகுந்துகொள்ளும், ஆனால் அங்கே நிலைத்து நிற்காது. சாயமிட்ட பிறகு செய்ய வேண்டிய ரிடக்ஷன் கிளியரிங் என்ற கழுவலைச் சரியாகச் செய்யாத துணி, முதல் நான்கு துவைப்பில் பக்கத்துத் துணிக்கெல்லாம் நிறம் கொடுக்கும். கறுப்பு உடலில் வெள்ளைப் பட்டை வைக்கும் டிசைன் இருந்தால் இது உயிர்ப்பிரச்சினை. சலவைக்கு ஐஎஸ்ஓ 105-சி06, வியர்வைக்கு இ04, உரசலுக்கு எக்ஸ்12 என்று மூன்று சோதனைகளை ரிப்போர்ட்டில் கேளுங்கள். ஐந்துக்கு நான்குக்குக் குறைந்த தரம் வந்தால் அடர் நிறத்தையும் வெளிர் நிறத்தையும் ஒரே பீஸில் சேர்க்க வேண்டாம். இதே சாயம்தான் லோகோவையும் கெடுக்கிறது. சிவப்புப் பாலியஸ்டர் மேல் சூட்டில் ஒட்டிய வெள்ளை லோகோ சில வாரத்தில் ரோஸ் நிறமாகும். சாயத்தைத் தடுக்கும் அடுக்கு உள்ள டிரான்ஸ்ஃபர் என்று குறிப்பிட்டுக் கேட்டால் தருவார்கள், கேட்காவிட்டால் சாதாரணமானதுதான் வரும்.

வெட்டும் தையலும்

ரோலாக வந்த துணியைப் பிரித்து 24 மணி நேரம் தளர விட வேண்டும். இழுபட்டுச் சுற்றியிருந்த துணி அப்போதுதான் தன் அளவுக்கு வரும். அவசர ஆர்டரில் முதலில் விடுபடுவது இதுதான், விளைவு எம் சைஸ் எல்லாம் எஸ் மாதிரி வந்து நிற்பது. லே போடும்போதும், அதாவது வெட்டுவதற்காகத் துணியை அடுக்கடுக்காக விரிக்கும்போதும், இழுக்கக் கூடாது. பருத்தியில் போடுவது போல உயரமாக லே போட்டால் வழுக்கும் துணி நகர்ந்து மேல் பீஸுக்கும் கீழ் பீஸுக்கும் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். கத்தியின் சூட்டில் ஓரங்கள் உருகி ஒன்றோடொன்று ஒட்டவும் செய்யும். லே உயரத்தைப் பருத்திக்கு வைப்பதில் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள். ஒரு பீஸின் எல்லாப் பாகங்களும் ஒரே ரோலில் இருந்து வர வேண்டும் என்று கட்டிங் மாஸ்டரிடம் நம்பர் ஒட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இடது காலும் வலது காலும் இரண்டு கறுப்பில் நிற்கும்.

தையலில் திருப்பூரை மனதாரப் பாராட்ட வேண்டும். நீளும் துணியை இழுக்காமல், விடாமல், கைப்பதத்தில் ஊசிக்குள் செலுத்தும் டைலர்கள் அங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். இரண்டு தலைமுறையாகப் பனியன் தைத்த கை. ஆனால் ஒரு சொல்லில் மட்டும் பெரும்பாலான ஆர்டர்கள் தடுக்கி விழுகின்றன. நீங்கள் ‘பிளாட்லாக் தையல் வேண்டும்’ என்று கேட்பீர்கள், அவர்களும் சரி என்பார்கள். நீங்கள் மனதில் வைத்திருப்பது, இரண்டு துணி ஓரமும் மேலே ஏறாமல் தட்டையாகச் சேர்ந்து, உள்ளே தடவினால் மேடே தெரியாத நான்கு ஊசி ஆறு நூல் தையல். திருப்பூரில் பிளாட்லாக் என்பது பனியனுக்குக் கை மடிப்பும் அடி மடிப்பும் தைக்கிற மூன்று ஊசி ஐந்து நூல் மெஷின். அதில் செய்து கொடுத்தால், முதலில் ஓவர்லாக் அடித்து அதன் மேல் பிளாட்லாக் ஓடும். உள்ளே மேடு நிற்கும், தொடை உரசும் இடத்தில் புண்ணாகும். ‘நாலு ஊசி ஆறு நூல் பிளாட் சீமர் இருக்கிறதா’ என்றே கேளுங்கள். இந்த மெஷின் இல்லாத யூனிட்டுகள் நிறைய. இல்லாவிட்டால் அந்தப் பாகத்தை மட்டும் வெளியே ஜாப் ஒர்க் கொடுத்து வாங்குவார்கள், அதற்கு நான்கைந்து நாள் கூடும்.

ஊசி பால் பாயின்ட், அதாவது உருண்ட முனை, 70 அல்லது 75 நம்பர். முனை தேய்ந்ததோ கூரானதோ போட்டால் எலாஸ்டேன் அறுபடும். தைத்த அன்று எதுவும் தெரியாது, ஐந்தாவது துவைப்பில் தையல் ஓரமாகச் சின்னச் சின்னத் துளை வரிசை கட்டி நிற்கும். ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் ஊசி மாற்றுவதை எழுதிக் கேட்பது தவறில்லை. தையலின் அடியில் ஓடும் லூப்பர் நூல் டெக்ஸ்சர்டு பாலியஸ்டராக, அதாவது பஞ்சு போல் உப்பி நீளும் நூலாக இருக்க வேண்டும். சாதாரண நூலில் தைத்தால் உட்காரும்போது பின்தையல் ‘டப்’ என்று விடும். சாம்பிள் வந்ததும் எல்லாத் தையலையும் துணி நீளும் மட்டும் இழுத்துப் பாருங்கள், நூல் அறுபடும் சத்தம் ஒன்று கேட்டாலும் திருப்பி அனுப்புங்கள். கவட்டில் நான்கு தையல் ஒரே புள்ளியில் சந்திக்கக் கூடாது, தனியாகக் குசெட் என்ற சிறு துணித் துண்டு வைத்தே ஆக வேண்டும். அதை நீக்கினால் பீஸுக்குச் சில ரூபாய் மிச்சம் என்று சொல்லும் யூனிட்டிடம் லெக்கிங்ஸ் கொடுக்க வேண்டாம்.

நீச்சலுடையில் எங்கே தவறுகிறது

நான்கு காரணங்கள், நான்கும் தண்ணீரோடு சம்பந்தப்பட்டவை.

முதலாவது துணி. நீச்சலுடைக்கான நல்ல துணி பெரும்பாலும் நூல் நீளவாக்கில் ஓடும் வார்ப் நிட் வகையான டிரைகாட், 180 முதல் 220 ஜிஎஸ்எம். திருப்பூரின் வட்டப் பின்னல் மெஷினில் அது வராது. லெக்கிங்ஸ் துணியையே நீச்சலுக்கும் வெட்டித் தருவதாகச் சொல்பவர்கள் உண்டு. கரையில் போட்டுப் பார்த்தால் அழகாக இருக்கும். தண்ணீரில் இறங்கினால் கனத்து, தொங்கி, உடலை விட்டு விலகும்.

இரண்டாவது குளோரின். நீச்சல் குளத்துக் குளோரின் எலாஸ்டேனைத் தின்னும். முதலில் பிடிப்பு தளரும், பிறகு பின்பக்கம் துணி மெலிந்து ஊடுருவித் தெரியும், ஓரங்களில் வெள்ளை முடி போல அறுந்த இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். இதற்கு இரண்டு வழி. குளோரினைத் தாங்கும்படி தயாரித்த எலாஸ்டேன் உள்ள துணி வாங்குவது; இத்தாலியின் கார்விகோ தயாரிக்கும் வீட்டா அந்த வகை, மறுசுழற்சி நைலான் 78, குளோரின் தாங்கும் எலாஸ்டேன் 22 சதவீதம், 190 ஜிஎஸ்எம். விலை உள்ளூர்த் துணியைவிடப் பல மடங்கு. அல்லது எலாஸ்டேனே இல்லாத பாலியஸ்டர்-பிபிடி துணி; பிபிடி என்பது தானே நீளக்கூடிய ஒரு வகைப் பாலியஸ்டர். நீட்சி குறைவு, தொட்டால் கொஞ்சம் முரடு, ஆனால் தினமும் குளத்தில் இறங்குபவர்களுக்கு இதுதான் நீடிக்கும். ஸ்பீடோவின் என்டியூரன்ஸ் பிளஸ் வரிசை இந்த இரண்டு இழைக் கலவைதான். பயிற்சிக்குப் போகும் குழந்தைகளை மனதில் வைத்துத் தொடங்கும் பிராண்டு, பிபிடியை விட்டு வேறெதையும் யோசிக்க வேண்டியதில்லை.

மூன்றாவது எலாஸ்டிக். இங்கேதான் கவனமுள்ளவர்களும் ஏமாறுகிறார்கள். துணிக்கு அத்தனை பணம் கொடுத்துவிட்டு, கால் ஓரத்தில் ஜட்டிக்குப் போடும் அதே பாலியஸ்டர் எலாஸ்டிக்கைப் போட்டுவிடுவார்கள். அதற்குள்ளும் சாதாரண ஸ்பான்டெக்ஸ்தான் இருக்கிறது. இரண்டு மாதத்தில் துணி நன்றாக இருக்கும், கால் ஓரம் அலை அலையாக விரிந்திருக்கும். நீச்சலுடைக்கென்று வரும் 6 அல்லது 8 மில்லிமீட்டர் ரப்பர் எலாஸ்டிக்கைத் தனியாக வாங்கி யூனிட்டில் கொடுங்கள். ஓவர்லாக்கில் பிடித்து மடித்து ஜிக்ஜாக் அல்லது பிளாட்லாக் ஓட வேண்டும், பின்பக்கக் கால் வளைவில் மட்டும் எலாஸ்டிக்கைச் சற்று இறுக்கமாக இழுத்துத் தைக்க வேண்டும். சாம்பிள் டைலருக்கு இதை ஒரு முறை காட்டினால் பிடித்துக்கொள்வார். நூலும் பருத்தி கலக்காததாக இருக்கட்டும்.

நான்காவது சோதனை. ஐஎஸ்ஓ 105-இ03 என்பது குளோரின் நீரில் நிறம் நிற்கிறதா என்று பார்ப்பது. இதில் லிட்டருக்கு 20, 50, 100 மில்லிகிராம் என்று மூன்று அடர்த்தி இருக்கிறது. 20 என்பது துண்டுக்கும் மேலங்கிக்கும் உரியது. நீச்சலுடைக்கு 50 அல்லது 100இல் செய்திருக்க வேண்டும். ‘குளோரின் டெஸ்ட் பாஸ்’ என்று ரிப்போர்ட்டை நீட்டினால் அடர்த்தியைப் பாருங்கள். இதில் நிறம் மட்டுமே தெரியும், நீட்சி தெரியாது. துணியைக் குளோரின் நீரில் ஊறவைத்து எடுத்த பிறகு மேலே சொன்ன 10 சென்டிமீட்டர் சோதனையை இன்னொரு தடவை செய்தால்தான் முழு உண்மை தெரியும். கடலுக்குப் போகும் உடைக்கு, கடல்நீரில் நிறம் நிற்கிறதா என்று பார்க்கும் இ02 சோதனை.

இலங்கையில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. எம்ஏஎஸ் குழுமத்தின் லினியா அக்வா நீச்சலுடைக்கென்றே இயங்கும் தொழிற்சாலை. அதே குழுமத்துக்குக் கிளிநொச்சியிலும் ஆலைகள் உண்டு. துணி, எலாஸ்டிக், சோதனை எல்லாம் ஒரே கூரையின் கீழ் தெரிந்த இடங்கள். ஆனால் அவை உலகப் பெரும் பிராண்டுகளின் அளவுக்கு அமைந்தவை, 300 பீஸுக்கான கதவு அங்கே இல்லை. அங்கே பயிற்சி பெற்று வெளியே வந்தவர்கள் தொடங்கும் சிறு யூனிட்டுகள் கிடைத்தால், நீச்சலுடைக்குத் திருப்பூரைவிட அதுவே நல்ல தேர்வு.

நம் பெண்கள் பலர் கேட்பது முழங்கால் வரை, முழங்கை வரை மூடிய உடை, மேலே சிறு பாவாடை. இந்தத் தேவை உண்மையானது, இதற்குச் சந்தையில் கிடைப்பவை மோசமானவை. பாவாடைத் துண்டை உடல் துணியிலேயே வெட்டினால் தண்ணீரில் மேலே மிதந்து முகத்துக்கு வரும். அதன் அடி ஓரத்தை மடித்துத் தைப்பதும், நீளத்தைத் தொடையின் பாதிக்குக் கீழே இறக்காமல் வைப்பதும், உள் ஷார்ட்ஸோடு பக்கங்களில் இரண்டு இடத்தில் பிடித்துவிடுவதும் இதைச் சரிசெய்யும். முன்பக்கம் முழுக்க உள்லைனிங் அவசியம், வெளிர் நிறமென்றால் பின்பக்கமும். ‘போட்டிக்கு ஏற்றது’ என்று மட்டும் அட்டையில் அச்சடித்துவிடாதீர்கள். சர்வதேசப் போட்டி உடைக்கு வேர்ல்டு அக்வாட்டிக்ஸ் அமைப்பின் தனி அனுமதி தேவை.

சாம்பிள், விலை, செக்கிங்

நல்ல யூனிட் மூன்று சாம்பிள் தரும்: உடல் பொருத்தத்துக்கு ஃபிட் சாம்பிள், எல்லா அளவுக்கும் சைஸ் செட், அசல் துணியிலும் அசல் நூலிலும் தைத்த பி.பி. (உற்பத்திக்கு முந்தைய) சாம்பிள். மூன்றாவதைப் பார்த்துக் கையெழுத்திடாமல் வெட்ட அனுமதிக்காதீர்கள். ஃபிட் சாம்பிளைப் பெரும்பாலும் கையில் இருக்கும் துணியில் தைத்துவிடுவார்கள். நீட்சி மாறினால் அளவும் மாறும் என்பதால் அந்தப் பொருத்தத்துக்கு மதிப்பில்லை. குறைந்தது இரண்டு அளவுகளை ஆள் போட்டு, குனிந்து, உட்கார்ந்து, ஓடிப் பார்க்க வேண்டும்.

விலைப்பட்டியல் ஒரே தொகையாக வந்தால் பிரித்துக் கேளுங்கள். துணி எத்தனை கிராம், கிலோ ரேட் என்ன, கட்டிங்-தையல்-பேக்கிங் கூலி, எலாஸ்டிக்-லேபிள், ரிஜெக்ஷன், லாபம். கிலோ 700 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 300 கிராமுக்கு 210 ரூபாய். பட்டியலில் 350 கிராம் போட்டிருந்தால் 245. 300 பீஸில் 10,500 ரூபாய் வித்தியாசம். மார்க்கரைக் காட்டச் சொன்னால் உண்மையான எடை தெரிந்துவிடும், நேர்மையான யூனிட்டுகள் தயங்காமல் காட்டுகின்றன. மீதித் துணி யாருக்கு என்பதையும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, துணி கையில் வந்த பிறகு 300 பீஸை மூன்று வாரத்தில் முடிக்கும் யூனிட்டுகள் உண்டு. தாமதம் துணியில்தான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரங்களில் உள்ளூர் வேலை குவியும், பண்டிகைக்கு ஊருக்குப் போன தொழிலாளர்கள் திரும்ப ஒன்றிரண்டு வாரம் ஆகும். அந்த நாட்களில் டெலிவரி தேதி கேட்டு வாங்குவதில் பயனில்லை. அவசரப்படுத்தி வாங்கும் தையலும் நன்றாக இருக்காது; டைலரையும், அவருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடிப் பெண்களையும் இரவு முழுக்க உட்கார வைத்துத்தான் அந்தத் தேதி கிடைக்கிறது.

மீதிப் பணம் கட்டும் முன் ஏக்யூஎல் 2.5 என்ற மாதிரி எடுத்துப் பார்க்கும் முறையில் செக்கிங் செய்யுங்கள். 281 முதல் 500 பீஸ் வரையிலான ஆர்டரில் எதேச்சையாக 50 பீஸ் எடுக்க வேண்டும். பெரிய குறை மூன்று வரை ஏற்கலாம், நான்கு வந்தால் மொத்த லாட்டையும் பிரித்து மறுசெக்கிங். பெட்டியின் மேல் வரிசையில் இருந்து மட்டும் எடுக்காதீர்கள். இடுப்பு, உள்நீளம், தொடை ஆகிய மூன்று அளவும், தையல் இழுப்பும், ரோல் நிறமும் பார்த்தால் போதும்.

பெயரும் வரியும்

இதில் திருப்பூர் யூனிட்டுகள் நன்றாகவே வழிகாட்டும், சுருக்கமாகச் சொல்லலாம். டிரேட்மார்க் வகுப்பு 25. தனிநபர், சிறு நிறுவனங்களுக்கு ஆன்லைனில் 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. லேபிள் அச்சடிக்கும் முன்பே விண்ணப்பியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பீஸ் 2,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18; உங்கள் விலையை 2,600இல் வைப்பதற்கு முன் இதை யோசியுங்கள். பில்லில் போடும் பொருள் வகை எண்ணான எச்எஸ்என் பொருளுக்குப் பொருள் மாறும்: பின்னலாடை நீச்சலுடை 6112, பெண்கள் லெக்கிங்ஸ் 6104, டீ-ஷர்ட் 6109, ஸ்போர்ட்ஸ் பிரா 6212. எல்லாவற்றையும் ஒரே எண்ணில் பில் போடும் பழக்கம் இருக்கிறது, ஏற்றுமதி செய்யும்போது அது தலைவலியாகும். ‘மறுசுழற்சி’ என்று ஜிஆர்எஸ் (குளோபல் ரீசைக்கிள்டு ஸ்டாண்டர்டு) முத்திரை போட, பொருளில் குறைந்தது 50 சதவீதம் மறுசுழற்சி இழை இருக்க வேண்டும்; துணி வியாபாரியின் வாய்ச்சொல் போதாது, அந்த லாட்டுக்கான பரிவர்த்தனைச் சான்று கேளுங்கள். நீச்சலுடைக்குக் கவட்டில் சுகாதாரப் பட்டை ஒட்டி அனுப்புங்கள், அது கிழிந்திருந்தால் ரிட்டர்ன் இல்லை என்று தெளிவாக எழுதிவிடலாம்.

இரண்டாவது ஆர்டருக்கான ஏற்பாட்டை முதல் ஆர்டரிலேயே செய்ய வேண்டும். ஒப்புக்கொண்ட பி.பி. சாம்பிளை இரண்டாகத் தைக்கச் சொல்லி, இரண்டிலும் சீல் வைத்து, ஒன்று உங்களிடம், ஒன்று யூனிட்டில். கூடவே அதே ரோலில் இருந்து ஒரு மீட்டர் துணி, எலாஸ்டிக் அரை மீட்டர், நூல் கோனின் எண், சாயப்பட்டறையின் லாட் எண், அந்தத் துணி வந்த வியாபாரியின் பில் நகல். துணியைக் கறுப்புப் பையில் போட்டு வெளிச்சம் படாமல் வையுங்கள், வெளிச்சம் பட்ட துணியின் நிறத்துக்கு அடுத்த லாட்டை ஒப்பிட முடியாது. பில் நகலைத் தர மறுக்கும் யூனிட்டுகள் உண்டு, வியாபாரியின் பெயர் தெரிந்தால் நீங்கள் நேரே போய்விடுவீர்கள் என்ற பயம். பெயரை மறைத்துவிட்டு, துணியின் குறியீட்டு எண்ணையும் லாட் எண்ணையும் மட்டும் தரச் சொன்னால் ஒப்புக்கொள்வார்கள்.